எலி மூளை நிறமாலைப் படத்தில் 1.3 பிபிஎம் முகடு லக்டேட்தானா?

யாழ்ப்பாண மருத்துவபீட மாணவரின் கேள்வி: 9.4 டெஸ்லா காந்தத்தில் எடுத்த எம்.ஆர். நிறமாலைப் படத்தில் (மூளையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் என்ன வேதிப்பொருள் என்று காட்டும் படம்) எலி மூளையின் ஓரக் கட்டங்களில் மட்டும் இந்த முகடு ஏன் பெரிது? (பிபிஎம் என்பது நிறமாலையில் முகட்டின் இடத்தைக் குறிக்கும் அளவு; லக்டேட் குளுக்கோசு உடையும்போது உண்டாகும் பொருள்.)

அநேகமாக அது மண்டையோட்டுக்கு வெளியேயுள்ள கொழுப்பு. 16×16 போன்ற பருமட்டான கட்டத்தில் அதன் சமிக்ஞை உள்ளே கசியும். வெளிப்புற நிறைவுப் பட்டைகளை (வெளியிலுள்ள சமிக்ஞையை அடக்கும் பட்டைகள்) மண்டையோட்டோடு ஒட்டி வையுங்கோ. தரவின் விளிம்புகளை மென்மையாக்கும் ஹமிங் வடிகட்டியும் கசிவைக் குறைக்கும், ஆனால் இடத்துல்லியம் போகும்.

லக்டேட் என்றால் 1.33இல் 7 ஹேர்ட்ஸ் இடைவெளியில் இரட்டை முகடு; ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்கல்) பிசகினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் எக்கோ நேரத்தை (தூண்டலிலிருந்து சமிக்ஞை எடுக்கும் வரையான நேரம்) 144 மில்லிசெக்கனாக்கிப் பார்ப்பதே நல்லது: லக்டேட் தலைகீழாகும், கொழுப்பு ஆகாது. உயர்புலத்தில் பிரெஸ் முறையென்றால் (மூன்று துடிப்புகளால் இடத்தைத் தேரும் முறை) இடப்பெயர்ச்சியால், அதாவது வெவ்வேறு முகடுகளுக்குத் தேர்வாகும் இடம் சற்றே விலகுவதால், லக்டேட் மங்கலாம், கவனம்.

நடுமூளையிலும் உயர்ந்திருந்தால் மயக்கமருந்தைச் சந்தேகியுங்கோ. ஐசோஃப்ளுரேன் லக்டேட்டை உண்மையிலேயே கூட்டும்.