தோட்டத்துப் பள்ளிக்கும் ஆற்றங்கரையில் மரம் நடவும் கம்பெனியிடம் நன்கொடை கேட்டால், அவர்களுக்கு வரிச்சலுகை உண்டா?

உண்டு, இரண்டு வழியில். மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவுப்படி, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு ரொக்கமாகக் கொடுத்தால், நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். அந்த அங்கீகாரத்தை உள்நாட்டு வருமான வரி வாரியம் தருகிறது. உங்கள் பள்ளி வாரியத்துக்கு அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ரசீது அவர்களுக்கு உதவாது.

அப்புறம் அதே சட்டத்தின் 34(6)(h) பிரிவு. கல்வி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு போன்ற சமூகத் திட்டங்களுக்கான செலவு இதில் வரும். நிதியமைச்சரின் ஒப்புதல் வேண்டும். உங்கள் இரண்டு தேவையும் இதற்குள் அடங்கும்.

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதுதான் பெரிது. பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு நிறுவனம் ஆற்றோரம் மரக்கன்றுகள் கொடுத்தது. பதாகை கட்டி, படம் எடுத்து, பிள்ளைகள் நட்டார்கள். மூன்று மாதத்தில் லாலான் புல் மூடிவிட்டது, குச்சிகள்தான் மிச்சம். பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் கடிதத்தில் கன்றுக்கு மட்டும் கேட்காதீர்கள். மூன்று ஆண்டுக்குப் புல் வெட்டும் கூலியையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிக்குக் கணினி கேட்டால், பழுது பார்க்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.