வைல்டுலைஃப் படிக்கணுமாம், எந்தக் காலேஜ்ல சேக்கறது?

கேள்வி: பையன் பிளஸ் டூ பயாலஜி குரூப். நீட்டெல்லாம் வேணாம், வைல்டுலைஃப் தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வெளிமாநிலத்துல ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டி டிகிரி பேர்லயே வைல்டுலைஃப்னு போட்டு லட்சக்கணக்குல ஃபீஸ் கேக்கறாங்க. ஜுவாலஜி படிச்சா டீச்சர் வேலை தான்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. என்ன சார் பண்றது? – ஒரு அம்மா, கும்பகோணம்

பதில்: அம்மா, மொதல்ல அந்த லட்சத்த பேங்க்லயே விட்டு வைங்க. இந்தத் துறையில யுஜி டிகிரி பேர்ல என்ன இருக்குன்னு பெருசா யாரும் பாக்கறதில்ல, நல்ல ஜுவாலஜி போதும், ஸ்பெஷலைஸ் பண்றதெல்லாம் பிஜில தான். அதுக்கும் உங்க ஊருக்குப் பக்கத்துலயே மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. காலேஜ்ல எம்.எஸ்சி. வைல்டுலைஃப் பயாலஜி இருக்கு, ஊட்டி கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஜுவாலஜி டிபார்ட்மெண்டே வைல்டுலைஃப் பயாலஜியோட சேந்தது தான், முதுமலை அங்கருந்து கூப்பிடு தூரம்.

பெரிய இடம்னா டேராடூன் வைல்டுலைஃப் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா, அப்பறம் பெங்களூரு என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனம், ரெண்டுலயும் வைல்டுலைஃப்ல எம்.எஸ்சி. இருக்கு. என்சிபிஎஸ்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தான் அட்மிஷன், கொஞ்சம் பேரைத் தான் எடுப்பாங்க, ஆனா இன்ஜினியரிங் முடிச்சவங்க கூட அப்ளை பண்ணலாம், அதனால இப்பவே பதட்டப்பட வேணாம்.

காலேஜ் பாக்கப் போறப்போ பில்டிங்க பாக்காதீங்க. டிபார்ட்மெண்ட்ல சீனியர் பசங்களோட புராஜெக்ட் ரிப்போர்ட்டெல்லாம் பைண்ட் பண்ணி பீரோல அடுக்கி வச்சிருப்பாங்க, நாலஞ்ச எடுத்துக் காட்டச் சொல்லுங்க. கோடியக்கரை வெளிமான், ஏரிப் பறவை, தவளைன்னு இடத்தோட பேரும் மாசமும் போட்டு எண்ணி எழுதின அட்டவணை உள்ள இருந்துச்சுன்னா பசங்கள வெளிய கூட்டிட்டுப் போறாங்கன்னு அர்த்தம், எல்லாமே லேப்ல மீனுக்கு மருந்து விட்டுப் பாத்ததா இருந்தா அதுவும் படிப்பு தான், ஆனா உங்க பையன் கேக்கற படிப்பு இல்ல.

அவன்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க. டிவில பாக்கற மாதிரி தினம் புலி வராது, பாதி நாள் எச்சத்தையும் கால்தடத்தையும் தேடி அளந்து நோட்ல எழுதறது, மீதி நாள் கம்ப்யூட்டர் முன்னாடி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கணக்கு பிடிக்காதுன்னு பயாலஜிக்கு ஓடி வந்த பசங்க மாட்டிக்கறதே இங்க தான் (பாதிப் பேர் அப்படித் தான் வர்றாங்க). மிருகத்துக்கு வைத்தியம் பாக்கணும்னு நினைச்சான்னா அது வெட்னரி, பி.வி.எஸ்சி., ரூட்டே வேற.

சொந்தக்காரங்களுக்கு பதில் வேணும்னா, யுபிஎஸ்சி நடத்தற ஐஎஃப்எஸ், அதாவது வன அதிகாரி பரீட்சைக்கு, டிகிரில ஜுவாலஜி ஒரு பாடமா இருந்தா எழுதலாம். வெறும் பி.ஏ.வ வச்சு ஐஏஎஸ் எழுதலாம், இத எழுத முடியாது.