ஆஃபர் வந்தது, தேதி வரவில்லை: நான் காத்திருந்த 13 மாதங்கள்

கேள்வி: கேம்பஸில் ஒரு ஐடி கம்பெனியில் தேர்வாகிவிட்டேன். படிப்பு முடிந்து ஏழு மாதம் ஆகியும் சேரும் தேதி வரவில்லை. இப்படிக் காத்திருந்தவர்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா?

நான் 13 மாதம் காத்திருந்தேன். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். படித்தது திருநெல்வேலியில், இசிஇ, 2009 பேட்ச். கம்பெனியின் பெயர் வேண்டாம். 2008 ஆகஸ்டில் கேம்பஸுக்கு வந்தார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. காலையில் ஆப்டிட்யூட், மதியம் டெக்னிக்கல், சாயங்காலம் எச்ஆர். இரவு 10 மணிக்கு செமினார் ஹாலில் பெயர் வாசித்தார்கள். போனில் சொன்னதும் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. அந்த நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. நியாயமான கேள்விகள், மரியாதையான பேச்சு.

அடுத்த மாதமே, செப்டம்பர் 15 அன்று, அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. இங்குள்ள ஐடி கம்பெனிகளுக்கு வேலை கொடுத்துவந்த அமெரிக்க வங்கிகள் செலவைச் சுருக்கின. 2009 ஜனவரியில் சத்யம் என்ற பெரிய ஐடி கம்பெனியின் கணக்கு மோசடி வேறு வெளிவந்தது. ஆள் எடுத்தாயிற்று, உட்கார வைக்க ப்ராஜெக்ட் இல்லை. கம்பெனிக்கு இருந்த சிக்கல் இன்று எனக்கு நன்றாகவே புரிகிறது. அதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

ஊரில் பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்த்துவிட்டு வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார், "தேதி வந்துட்டாம்மா?" ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. எத்தனை மெயில் அனுப்பினாலும் ஒரே வரிதான் பதிலாக வரும்: வணிகத் தேவைக்கேற்ப தெரிவிக்கப்படும். அத்தை ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார், பொண்ணுக்கு வேலை நிஜமாகவே கிடைத்திருக்கிறதா என்று கேட்டார்கள். லெட்டரைக் கொண்டுவந்து காட்டினோம்.

வேறு வேலைக்குப் போகலாமே என்று தோன்றும். போய்ப் பார்த்தேன். சென்னையில் இரண்டு சின்ன கம்பெனிகளில், "உங்ககிட்ட ஏற்கெனவே பெரிய கம்பெனி ஆஃபர் இருக்கே, தேதி வந்ததும் போயிடுவீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் ஆஃபரைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் படிப்பு முடிந்து இத்தனை மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது வாய் வரவில்லை. 2010 பிறந்ததும் ஃப்ரெஷர் அறிவிப்புகளில் '2010 பேட்ச் மட்டும்' என்று போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பக்கமும் சேரவில்லை, அந்தப் பக்கமும் விடவில்லை. தேர்வாகாமல் போயிருந்தால்கூட அடுத்த வாரமே வேறு வழி தேடியிருப்பேன்.

இதற்கிடையில் கல்விக்கடன். அப்போதைய விதிப்படி, வேலை கிடைத்து 6 மாதம் அல்லது படிப்பு முடிந்து ஒரு வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு வருடம் முடிந்துவிட்டது, வேலை வரவில்லை. முதல் இரண்டு தவணையை அப்பா தீப்பெட்டி ஆலையில் முன்பணம் வாங்கிக் கட்டினார். 2010 ஜூலையில், ஒன்பது நாளில் வந்து சேரச் சொல்லி மெயில் வந்தது. சேர்ந்தேன்.

இது பழைய கதையும் இல்லை. 2022-இல் படிப்பை முடித்தவர்களில் சிலர் இரண்டு வருடம்வரை காத்திருந்ததாகச் செய்திகள் வந்தன.

இப்போது நானே இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். சேரும் தேதி தள்ளிப்போனால் காரணத்தையும் அடுத்து எப்போது தகவல் வரும் என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று எச்ஆரிடம் ஒவ்வொரு முறையும் சண்டை போடுகிறேன். சில சமயம் ஜெயிக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். கையில் இருப்பது ஆஃபர் லெட்டரா, வெறும் எல்ஓஐயா என்று முதலில் பாருங்கள். எல்ஓஐ என்றால் எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லும் கடிதம், அவ்வளவுதான். அதை நம்பி வேறு எதையும் நிறுத்தாதீர்கள். ஆஃபர் லெட்டராகவே இருந்தாலும் சேரும் தேதியை மாற்றும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் வரி பெரும்பாலும் இருக்கும், தேடிப் படியுங்கள். தேதியைச் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் பேட்சில் இரண்டு பேர் கொடுத்து ஏமாந்தார்கள்.

வேறு கம்பெனியில் ஆஃபர் இருக்கிறதா என்று கேட்டால் மறைக்க வேண்டாம். "ஏழு மாதமாகத் தேதி சொல்லவில்லை, நீங்கள் எடுத்தால் அதை விட்டுவிடுகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அன்று எனக்கு இப்படிச் சொல்லத் தெரியவில்லை. இன்று என் எதிரே உட்கார்ந்து ஒருவர் அப்படிச் சொன்னால் நான் நம்புவேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும். சின்ன வேலை கிடைத்தாலும் சேர்ந்துவிடுங்கள். வீட்டில் கேட்கிறார்கள் என்றால் கம்பெனி மெயிலை அப்படியே அப்பா அம்மாவிடம் காட்டிவிடுங்கள். நான் காட்டாமல் தனியாக வைத்துக்கொண்டு அழுதேன், அது தேவையே இல்லாத அழுகை.