யூகேஜி படிக்கும் பையனோடு சிறுமலைக் காட்டில் சுற்றுப்பாதை நடக்கலாமா?

மதுரையிலிருந்து காரில் போய் சிறுமலையில் 6 கிலோமீட்டர் சுற்றி வர ஆசை, பையனுக்கு 5 வயது என்று கேட்டிருக்கிறீர்கள். பையன் நடப்பான். ஆனால் முதல் நடைக்கு சிறுமலை வேண்டாம்.

போன வழியே திரும்பும் பாதையில் பிள்ளை எங்கே சிணுங்கினாலும் அப்படியே திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அதே தூரம்தான். இந்த வயதுப் பிள்ளை எறும்பு, கல், காய் எல்லாம் பார்த்துக்கொண்டு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நகர்ந்தால் பெரிது. 6 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம் ஆகிவிடும். களைத்த பிள்ளை களைப்பாக இருக்கிறது என்று சொல்லாது. பேச்சு குறையும், சின்ன வேரில்கூடத் தடுக்கும். மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நின்று பாருங்கள். அதற்குள் இரண்டு தடவை தூக்கச் சொல்லியிருந்தால் திரும்பிவிடுங்கள். 18 கிலோ பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினால், உங்கள் கால் வழுக்கும்போது இரண்டு பேருக்கும் அடிபடும். தூக்கியே ஆகவேண்டும் என்றால் முதுகில் தூக்குங்கள்.

சிறுமலை ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பால் குடித்த பிள்ளை பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுத்து, நடக்கத் தொடங்கும் முன்பே வாடிவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது; காட்டுமாடு நடமாடும் இடம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். மார்ச் மாதப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று தெரிந்தவர்கள் கோடையில் பிள்ளையோடு மலையேற மாட்டார்கள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் வழிகாட்டியோடு போகும் பாதைகள் இருக்கின்றன. வயது வரம்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதலில் அழகர்மலைக்குப் போங்கள். கள்ளழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் காடு. தார் ரோடுதானே என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளை முடியாது என்று உட்கார்ந்துவிட்டால் இறங்க வண்டி கிடைக்கும், முதல் நடைக்கு அதுதான் முக்கியம். பாதி தூரத்தோடு திரும்பினாலும் குறையில்லை. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். கீழே வந்ததும் கோயில் தோசை உண்டு என்று சொல்லி வையுங்கள், கால் தானாக நடக்கும்.

அங்கே வாழைப்பழமும் சரசரக்கும் பிளாஸ்டிக் பையும் ஆகாது, குரங்கு அந்தச் சத்தத்துக்கே வரும். கடலை மிட்டாயை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், அரைமணிக்கு ஒரு துண்டு கொடுங்கள். பிள்ளையின் முகமும் கையும் குரங்குக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். காரை நிறுத்தி பிஸ்கட் வீசிவிட்டுப் போகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அவர்கள் பழக்கிவிட்ட குரங்குதான் பிறகு பிள்ளை கையைப் பிறாண்டுகிறது. பிறாண்டினால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது நடைக்கு கீழக்குயில்குடி சமணர்மலை. பேச்சிப்பள்ளம் வரை ஏறி, வரிசையாகச் செதுக்கிய சமணச் சிற்பங்களைக் காட்டிவிட்டு இறங்கலாம். பாறையில் ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, நீங்கள் எப்போதும் ஒரு படி கீழே நில்லுங்கள். ஒன்பதரைக்கு மேல் பாறை சுடும். இடுக்கில் கைவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சுருட்டை விரியன் இருக்கிற இடம் அது. கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த இரண்டிலும் சிரமமில்லாமல் வந்தால் சிறுமலையைப் பற்றி யோசிக்கலாம். அங்கே புதரோரம் பூனைக்காலிக் காய் தொங்கும், மேலே பொன்னிறச் சுணை. தொட்டால் பிள்ளை கதறும். தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே போகும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், பிறகு கழுவுங்கள். முழுக்கை சட்டை, முழுநீளப் பேண்ட், பழகிய ஷூ. முந்தின நாளே கால் நகத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்து வலிக்கும். தண்ணீர் பையனுக்கு மட்டும் முக்கால் லிட்டர். ஓஆர்எஸ் பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிவிடும். விசிலைக் கழுத்தில் மாட்டாமல் சட்டையில் ஊக்கு போட்டுக் குத்துங்கள். வழி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை ஊதச் சொல்லுங்கள், வீட்டு மொட்டைமாடியில் பழக்கிவிட்டே கூட்டிப் போங்கள்.

வீடு வந்து குளிக்க வைக்கும்போது காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி கடுகு அளவுதான் இருக்கும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம்.