வெப்பம் கூடினால் ஓணானுக்கு நன்மையா?

கேள்வி: பாம்பு, ஓணான், ஆமை போன்ற குளிர் இரத்தப் பிராணிகள் வெயிலை நம்பியே வாழ்கின்றன என்கிறார்கள். அப்படியானால் பூமியின் வெப்பம் உயர்வது அவற்றுக்கு நன்மைதானே?

பதில்: இல்லை. வெயில் தேவைப்படுவது வேறு, எவ்வளவு வெயிலையும் தாங்குவது வேறு.

இந்தப் பிராணிகள் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கென்று உணவைச் செலவழிப்பதில்லை. அதனால்தான் அதே எடையுள்ள எலிக்கு வேண்டிய இரையில் மிகச் சிறிய பங்கைக் கொண்டே ஓர் ஓணான் வாழ்ந்துவிடுகிறது. ஆனால், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உடலின் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு விரைவடையும் என்பதால், வெளியிலிருந்து பெறும் சூட்டை அவை ஓயாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஓணான் உடலைத் தட்டையாக்கி, விலாப்புறத்தை வெயிலுக்குக் காட்டி உட்காருவதைக் கவனியுங்கள். போதிய சூடு ஏறியதும் முகத்தை வெயிலின் திசைக்குத் திருப்பி, உடலில் படும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது நிழலுக்குள் ஓடிவிடும். அமெரிக்கப் பாலைவன இகுவானா என்னும் ஓணான் வகைக்கு நுண்ணுயிர்த் தொற்று ஏற்பட்டால், வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிச் சென்று, ஏறக்குறைய 2 டிகிரி அளவுக்குத் தானாகவே காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது என்பதை 1970களில் நடந்த சோதனைகள் காட்டின. அந்தச் சூட்டைப் பெறவிடாமல் தடுக்கப்பட்டவற்றில் பல இறந்தன. இவ்வளவு நுட்பமாக இயங்கும் ஓர் உயிரை, சூடு ஏற ஏற மகிழும் உயிர் என்று எண்ணுவது பெரும் பிழை.

நீங்கள் கேட்டதற்கு நேரான விடை மெக்சிகோவிலிருந்து 2010இல் வந்தது. 1975க்கும் 1995க்கும் இடையில் முள்செதில் ஓணான்கள் பதிவாகியிருந்த 200 இடங்களில் அவற்றை மீண்டும் தேடிப் பார்த்த உயிரியலாளர் பாரி சினெர்வோ குழுவினர், அவற்றில் 12 விழுக்காட்டு இடங்களில் அவை அடியோடு மறைந்துவிட்டதைக் கண்டனர். வெயிலில் வெந்து இறந்ததல்ல முதன்மைக் காரணம். இனப்பெருக்கப் பருவத்தில் வெப்பம் கூடியதால், பகலின் பெரும்பகுதியை அவை நிழலிலும் வளையிலும் கழிக்க நேர்ந்தது. இரை தேடும் நேரம் சுருங்கியது. முட்டையும் குட்டியும் உருவாக வேண்டிய ஊட்டம் பெண் ஓணான்களுக்குக் கிடைக்கவில்லை.

கடலாமைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வட பகுதிக் கடற்கரைகளில் பிறந்த பச்சைக் கடலாமைகளில், இளம் பருவத்தில் இருந்தவற்றுள் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே என்று 2018இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மீன்களுக்கோ வேறொரு நெருக்கடி: நீர் சூடாகும்போது அவற்றின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறைகிறது.

காலப்போக்கில் பழகிக்கொள்ளாவா என்று அடுத்துக் கேட்பீர்கள். வட அமெரிக்கக் காட்டுத்தவளை, குளிர்காலத்தில் உடல்நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாகி இதயத்துடிப்பே நின்றுபோன பிறகும், கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ் உயிரணுக்களைக் காப்பதால் இளவேனிலில் மீண்டும் எழுந்து தாவுகிறது. அந்தத் திறமை எண்ணற்ற தலைமுறைகளில் உருவானது. இன்றைய வெப்ப உயர்வு அத்தனை அவகாசம் தரவில்லை. குளிர்நாடுகளில் வாழும் சில இனங்களுக்கு நீண்ட கோடை சிறிது காலம் உதவக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெப்பமண்டலத்தில் வாழும் பல்லி, பூச்சி இனங்களில் பல, இப்போதே தம்மால் தாங்கக்கூடிய எல்லையை ஒட்டித்தான் வாழ்கின்றன.