அடியில் சல்லடை உள்ள காளான்: கேள்வி பதில்

மன்னார்குடி: அடைமழை விட்டதும் மாந்தோப்பில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் காளான் முளைத்திருக்கிறது. அடியில் மடிப்பு இல்லை, சல்லடை போலத் துளை. பெயர் என்ன சார்?

பதில்: சதை மெத்தென்று இருந்தால் அது போலீட் வகை. இந்த அளவுக்கும் நிறத்துக்கும் எனக்கு முதலில் தோன்றுவது ஃபிளெபோபஸ் போர்ட்டென்டோசஸ். வெட்டினால் மஞ்சள் சதை லேசாக நீலமாகிறதா, பாருங்கள். வடதாய்லாந்திலும் சீனாவின் யுன்னானிலும் இதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். போலீட்களில் பலவும் உயிருள்ள மரவேரின் துணை இல்லாமல் குடை விரிக்காது. இது விரிக்கும், அதனால் யுன்னானில் வளர்த்தே விற்கிறார்கள். ஆனால் என் பதிலை நம்பி உலையில் போடாதீர்கள்.

கும்பகோணம்: படம் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடலாமா?

பதில்: படம் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

திருவாரூர்: மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் தெரிந்துவிடுமாமே?

பதில்: தெரியாது. வெள்ளிக்காசு, பூண்டு எதுவும் காட்டாது. சில காளான்களில் உள்ள அமாட்டாக்சின் என்ற கொடிய நஞ்சு கொதியிலும் அழியாது. வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

வலங்கைமான்: விஞ்ஞானிகள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காளான் என்றால் கறி, நாய்க்குடை என்றால் விஷம். பாட்டி சொன்ன இது போதாதா?

பதில்: போதாது. ஒரே குடையை ஓர் ஊரில் காளான் என்றும் அடுத்த ஊரில் நாய்க்குடை என்றும் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். அறிவியல் பெயர் மாறினாலும் தடம் விட்டுப் போகும். மன்னார்குடிக்குச் சொன்ன அதே வகையை, இலங்கைக் காளானைப் பார்த்து 1873-இல் பெர்க்லி, புரூம் என்ற ஆய்வாளர்கள் போலீட்டஸ் போர்ட்டென்டோசஸ் என்றார்கள். 1951-இல் பூடைன் என்ற ஆய்வாளர் அதை ஃபிளெபோபஸ் பேரினத்துக்கு மாற்றினார். அதனால்தான் காளானின் அறிவியல் பெயருக்குப் பின்னால் முதல் இருவர் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும் பூடைன் பெயர் வெளியிலும் வரும்.

வலங்கைமான்: பாட்டிக்கு அடைப்புக்குறி வேண்டாம்.

பதில்: பாட்டி தன் தோப்புக் காளானைக் கையால் தொட்டுப் பார்த்தவர். அந்த அறிவை மதிக்கிறேன். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு ஊர்ப் புல்வெளியில் பறிப்பவருக்காகத்தான் பயப்படுகிறேன். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான் பார்க்க வெள்ளையாக, அழகாக இருக்கும். குடையைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால் பச்சைத் தூள் விழும். தின்றால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

நாகப்பட்டினம்: படம் இணைத்துள்ளேன், சாப்பிடலாமா?

பதில்: மேலே கும்பகோணத்துக்குச் சொன்னதுதான்.

சீர்காழி: சிப்பிக் காளான் வித்து எங்கே கிடைக்கும்?

பதில்: பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

மன்னார்குடி: சார், வெட்டினேன். நீலமாகிறது!

பதில்: அருமை! எல்லாவற்றையும் பறிக்காதீர்கள். ஒன்றை மெலிதாக நறுக்கி நன்றாக உலர்த்தி, மரம், ஊர், தேதி எழுதிக் காகித உறையில் வையுங்கள். உறுதியாகப் பெயர் சொல்ல அந்த உறைதான் வேண்டும்.