மரப்பட்டையில் எழுத்து: கிராஃபிடேசியே கேள்வி பதில்

பலா மரத்தில் வெள்ளைப் படை, அதன்மேல் கறுப்புக் கிறுக்கல். பூச்சி அரித்ததா அண்ணா? (கூடலூர்)

பூச்சி இல்லை. அது எழுத்து லைக்கன், கிராஃபிடேசியே குடும்பம். வெள்ளைப் படைதான் அதன் உடல். பூஞ்சையும் ட்ரெண்டிபோலியா போன்ற பாசியும் சேர்ந்து வாழ்கின்றன. மழைக்குப் பிறகு பாருங்கள், பச்சை தூக்கலாகத் தெரியும். கறுப்புக் கோடுகள் பூஞ்சையின் கனியுடல்கள். பத்து மடங்கு லென்ஸை வைத்தால், ஒவ்வொரு கோடும் இரண்டு கறுப்பு உதடுகளும் நடுவில் ஒரு பிளவுமாக இருக்கும். அந்தப் பிளவு வழியாகத்தான் ஸ்போர்கள், அதாவது பூஞ்சையின் இனப்பெருக்கத் துகள்கள், வெளியேறும். சிலவற்றின் உதட்டில் நீளவாக்கில் வரிகள் இருக்கும், சிலவற்றில் வெண்தூள் படிந்திருக்கும். கத்தியால் சுரண்டாதீர்கள்.

பிரியாணியில் போடும் கல்பாசி இதுதானே?

இல்லை. அது இலை மாதிரி விரியும் வேறு குடும்பம். இதைச் சமைக்க வேண்டாம்.

பாக்கு மரத்தில் நிறைய வந்திருக்கிறது. மரம் பட்டுப்போகுமா ஐயா?

போகாது. இது பட்டையின் மேல்பகுதியோடு நின்றுவிடும், மரத்தின் சாற்றை உறிஞ்சாது. சாப்பாட்டைப் பாசி ஒளிச்சேர்க்கையில் தயாரித்துவிடுகிறது. நோஞ்சான் மரத்தில் அதிகம் தெரிவதற்குக் காரணம் உண்டு. தழை குறைந்தால் பட்டையில் வெயில் விழும், லைக்கன் பரவும். நோய்க்கு வேரையும் குருத்தையும் பாருங்கள். சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ பூச வேண்டாம், சுரண்டவும் வேண்டாம்.

தென்னையில் வெள்ளைத் திட்டு, மரத்துக்குக் கெடுதலா?

பாக்கு மரத்துக்குச் சொன்ன பதிலேதான்.

படம் அனுப்பியிருக்கிறேன். இனப்பெயர் சொல்லுங்கள்.

படத்தை வைத்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது. கோட்டை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் ஸ்போரைப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் சில இனங்களில் சிவப்பு ஊசிப் படிகங்கள் கிளம்பும், அது நார்ஸ்டிக்டிக் அமிலம் என்ற லைக்கன் வேதிப்பொருளின் அடையாளம். இது இல்லாமல் பெயர் வைப்பது ஊகம்தான்.

பேரினம் சொல்ல ஸ்போரின் நிறமும் உள்சுவரும் போதும் என்றுதான் நாங்கள் படித்தோம். டிஎன்ஏ வந்து குழப்பிவிட்டதே மேடம்?

குழப்பவில்லை, பழைய குழப்பத்தைத்தான் காட்டிக்கொடுத்தது. 1880களில் லைக்கன் ஆய்வாளர் முல்லர் கையாண்ட முறை இது: நிறமற்ற ஸ்போரில் குறுக்குச்சுவர் மட்டும் என்றால் கிராஃபிஸ், குறுக்கும் நெடுக்குமாக என்றால் கிராஃபினா. பழுப்பு ஸ்போர் என்றால் அதேபோல் ஃபியோகிராஃபிஸ், ஃபியோகிராஃபினா. வசதியான நாலு பெட்டிகள். ஆனால் உதட்டின் அமைப்பு, அயோடினுக்கு ஸ்போர் நிறம் மாறுவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நெருங்கிய உறவுகள் வெவ்வேறு பெட்டியில் கிடந்தன. 2002இல் ஆய்வாளர் பெட்டினா ஸ்டாய்கர் பேரினங்களை மறுபடி வகுத்தார். கிராஃபினாவில் இருந்தவை கிராஃபிஸ், டையோரிக்மா என்று பிரிந்து போயின. அப்புறம் டிஎன்ஏ ஆய்வில், வட்டத் துளையுள்ள தெலோட்ரிமேசியே குடும்பமும் இதற்குள் வந்தது. இன்று 2,000 இனங்களுக்கு மேல். 2014இல் ஒரே கட்டுரையில் 175 புது இனங்களை விவரித்தார்கள் என்றால் பாருங்கள்!

அப்படியானால் ஸ்போர் பார்ப்பதே வீணா?

யார் சொன்னது? ஸ்போர் இன்றும் முக்கியம். அதை மட்டும் வைத்துப் பேரினம் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹெர்பேரிய (உலர் மாதிரிச் சேமிப்பக) உறையில் கிராஃபினா என்றே இருக்கிறது. அடித்துவிட்டுப் புதுப்பெயர் எழுதலாமா?

தயவுசெய்து அடிக்காதீர்கள்! பழைய பெயர் அப்படியே இருக்கட்டும். புதுப்பெயர், தீர்மானித்தவர், தேதி மூன்றையும் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் எங்கே தேடலாம்?

வழவழப்பான பட்டையில் தேடுங்கள். வெளிச்சமான இடத்தில் கிராஃபிஸ் எளிதில் கிடைக்கும். வட்டத் துளை வகைகளுக்கு, வெட்டுப்படாத ஈரமான பழைய காட்டு நிழல் வேண்டும். அவை காணாமல் போனால் காடு கலைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி தேவை. அனுமதி இருந்தாலும் விரல் நக அளவுக்கு மேல் பட்டையைப் பெயர்க்காதீர்கள், இவை வளர்வது மிகமிக மெதுவாக.

மாமரத்தில் வெள்ளையாக...

கெடுதல் இல்லை. சுரண்ட வேண்டாம்.